நாடுகளின் ஜாஸ் மரபுகளுக்கு இடையே ஒரு வாக்கெடுப்பு: எந்தப் பதிவுகளை வைப்பது, எப்படிக் கேட்பது?

இசைத்தட்டு கேட்பதற்காகக் கூடும் உங்கள் குழுவில், எட்டு நாடுகளின் ஜாஸ் மரபுகளை இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்தி, கேட்பவர்களின் வாக்கைக் கொண்டு வெற்றியைத் தீர்மானிக்கும் நட்புப் போட்டி ஒன்றை நடத்தவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த எட்டு நாடுகள், ஒவ்வொன்றுக்கும் எந்தப் பதிவு, அமெரிக்காவைச் சேர்க்கலாமா, இந்தியாவுக்கு இடமுண்டா, என் வாக்கு யாருக்கு என்பவை உங்கள் கேள்விகள். முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவைப் போட்டிக்கு வெளியே வையுங்கள். பிரான்ஸ், சுவீடன், போலந்து, பிரிட்டன், கியூபா, ஜப்பான், எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய எட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் மிகப் புகழ்பெற்ற பதிவைத் தேடாமல், அந்த மண்ணின் இசை உள்ளே நுழைந்திராவிட்டால் பிறந்தே இருக்காத ஒரு பதிவைத் தேடுங்கள். எது எந்த நாடு என்பதை வாக்குகளை எண்ணி முடித்த பிறகே அறிவியுங்கள்.

இசையில் போட்டி என்ன வேண்டியிருக்கிறது என்று குழுவில் ஒருவர் ஆட்சேபித்ததாகச் சொன்னீர்கள். பொதுவாக நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் ஜாஸுக்கு அது பொருந்தாது. 1937ஆம் ஆண்டு மே 11 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த சவாய் நடன அரங்கில், அரங்கின் சொந்தக் குழுவான சிக் வெப்பின் இசைக்குழுவும், அன்று நாடெங்கும் கொடிகட்டிப் பறந்த பென்னி குட்மனின் இசைக்குழுவும் இரண்டு மேடைகளில் மாறி மாறி வாசித்தன. அரங்கு நிரம்பி, உள்ளே வர முடியாதவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் நின்றார்கள். வெப் வென்றார் என்று கூட்டம் தீர்ப்பளித்தது. குட்மனின் டிரம்ஸ் கலைஞரான ஜீன் குருப்பாவே வெப்புக்குத் தலைவணங்கினார். அதற்கு முந்தைய ஆண்டான 1936இலேயே ‘டவுன் பீட்’ என்ற அமெரிக்க ஜாஸ் இதழ் தன் வாசகர் வாக்கெடுப்பைத் தொடங்கியிருந்தது. ஆகவே நீங்கள் செய்யப்போவது இந்த இசையின் பழக்கவழக்கத்துக்குள்ளேயே அடங்கியதுதான். ஆனால் அதே இரவு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. வெப்பின் வாசிப்பு அசாதாரணமானது என்பதில் ஐயமில்லை என்றாலும், தீர்ப்பளித்தவர்கள் அவருடைய சொந்த அரங்கின் ரசிகர்கள். கேட்பவர்கள் வாக்களிக்கும்போது காதுக்கு முன்பே பழக்கம் கையைத் தூக்கிவிடும்.

இதற்காகத்தான் நாட்டின் பெயரை மறைக்கச் சொல்கிறேன். லெனார்ட் ஃபெதர் என்ற விமர்சகர், யார் வாசிக்கிறார்கள் என்று சொல்லாமல் ஒரு இசைத்தட்டைப் போட்டு, கலைஞரிடம் கருத்துக் கேட்கும் பகுதியொன்றை 1946இல் ‘மெட்ரோனோம்’ இதழில் தொடங்கி, பின்னர் ‘டவுன் பீட்’ இதழுக்குக் கொண்டுசென்றார். 1951இல் டிரம்பெட் மேதை ராய் எல்ட்ரிட்ஜ், வாசிப்பவர் கறுப்பரா வெள்ளையரா என்பதைக் கேட்டே சொல்லிவிடுவேன் என்று ஃபெதரிடம் பந்தயம் கட்டினார். வெள்ளையர்களோடு ஒரே மேடையில் வாசித்து, அதற்காகவே பயணத்தில் விடுதிகளிலும் உணவகங்களிலும் அவமானங்களைச் சுமந்தவர் அவர். அவருடைய நம்பிக்கைக்கு வாழ்க்கை அனுபவம் பின்னால் நின்றது. ஆயினும் பந்தயத்தில் தோற்றார். தோல்வியை நேர்மையாக ஒப்புக்கொண்டார். இனம் காதுக்குக் கேட்பதில்லை. அப்படியானால் நாடு மட்டும் கேட்குமா? கடவுச்சீட்டு கேட்காது, சுற்றிலும் ஒலித்த வேறொரு இசை கேட்கும். ஒருவர் சிறுவயதில் தெருவிலும் திருமணத்திலும் தேவாலயத்திலும் கேட்ட தாளமும் சுரக்கோவையும் அவருடைய மனோதர்மத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தால், அதை அறியாத கேட்பவருக்கும் ஏதோ வேறு நிலம் என்று புரியும். உங்கள் போட்டி உண்மையில் அளக்கக்கூடியது இது ஒன்றைத்தான். பதிவுகளை இந்த அளவுகோலால் தேர்ந்தெடுத்தால் எட்டும் எட்டுவிதமாக ஒலிக்கும்; புகழை வைத்துத் தேர்ந்தெடுத்தால் எட்டில் பாதி, நல்ல அமெரிக்க ஜாஸின் நல்ல பிரதிகளாக இருக்கும்.

அமெரிக்காவை விலக்குவதற்கும் காரணம் இதுவே. நியூ ஆர்லியன்ஸிலிருந்து கிளம்பிய இசை மற்ற எட்டுக்கும் தாய்; தாயையும் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துப் போட்டி நடத்துவதில் பொருளில்லை. வேண்டுமானால் முதல் கூட்டத்தின் தொடக்கத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 1920களின் பதிவொன்றை, வாக்கெடுப்பு இல்லாமல், மரியாதையாக ஒலிக்கவிடுங்கள்.

இந்தியாவைச் சேர்க்க எனக்கும் ஆசைதான், ஆனால் சேர்க்க மாட்டேன். 1930களில் பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் லியோன் ஆபி, கிரிக்கெட் ஸ்மித், டெடி வெதர்ஃபோர்ட் போன்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் குழு நடத்தினார்கள். அவர்களிடமிருந்து கோவா இசைக்கலைஞர்கள் ஒரு தலைமுறையே ஜாஸ் கற்றது. ஆனால் சிக் சாக்லெட் போன்ற அந்தக் கலைஞர்களின் திறமை பெரும்பாலும் இந்தித் திரையிசை ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் போய்க் கலந்துவிட்டது. அது ஒரு பெரிய கதை. ஆனால் ஒரே பதிவைக் கொண்டு எதிர்நாட்டோடு நிறுத்தக்கூடிய கதையல்ல. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விஜய் ஐயரைக் கொண்டு வரலாமே என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து, ‘டவுன் பீட்’ விமர்சகர் வாக்கெடுப்பில் 2012இல் ஆண்டின் சிறந்த கலைஞராகத் தேர்வானவர் அவர். அவருடைய தாளக் கணக்குகளில் கர்நாடக இசையின் சாயல் உண்டு என்றாலும், அவரது மரபு நியூயார்க்கில் வாழ்கிறது. நாட்டை முடிவுசெய்ய நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய விதி, அந்த இசை எங்கே வளர்ந்தது என்பதுதான். கலைஞரின் பிறப்பிடம் அல்ல. இந்த விதி இல்லாவிட்டால், பெல்ஜியத்தில் பிறந்த கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெயின்ஹார்ட்டைப் பிரான்சுக்கும், ஜமைக்காவில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டைப் பிரிட்டனுக்கும் வைக்க முடியாமல் போகும்.

இனி நாடுகளுக்கு வருவோம். பிரான்சுக்கு ஜாங்கோவும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் 1934இல் தொடங்கிய ‘ஹாட் கிளப் ஆஃப் பிரான்ஸ்’ ஐவர் குழுவைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. 1937இல் பதிவான ‘மைனர் ஸ்விங்’ போதும். அந்தக் குழுவில் டிரம்ஸ் கிடையாது. ஒரு வயலின், மூன்று கிட்டார், ஒரு பாஸ். இரண்டு கிட்டார்கள் தந்திகளை இறுக்கி அடித்து டிரம்ஸின் வேலையைச் செய்ய, அதன்மேல் ஜாங்கோ பாய்கிறார். ரோமானி வண்டி முகாமில் 1928இல் நேர்ந்த தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் செயலிழந்தபின், மற்ற இரண்டு விரல்களைக் கொண்டே தனி ஓட்டங்களை வாசித்தவர் அவர். ஆனால் இதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். இரக்க வாக்கு விழும், அவருடைய இசைக்கு அது தேவையில்லை.

சுவீடனுக்கு பியானோ கலைஞர் யான் யொஹான்சனும் பாஸ் கலைஞர் கியோர்க் ரீடலும் இருவர் மட்டுமே சேர்ந்து, பழைய சுவீடிய நாட்டுப்பாடல்களை வாசித்த 1964ஆம் ஆண்டு ஆல்பம். அந்த நாட்டில் மிக அதிகமாக விற்ற ஜாஸ் ஆல்பம் இதுதான். முதல் பாடலையே வையுங்கள். பியானோ ஒரு வரியைச் சொல்லி நிறுத்துகிறது; பாஸ் அதன் அடியில் ஒன்றிரண்டு சுரங்களை மட்டும் வைக்கிறது; மெட்டை யாரும் அலங்கரிப்பதில்லை, மெதுவாக அதன் ஓரத்தில், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாடல் மரபான புளூஸின் சாயல் ஏறுகிறது. சுவீடனுக்கு 1954இல் ‘டவுன் பீட்’ விமர்சகர்களால் புதிய நட்சத்திரமாகத் தேர்வான பாரிடோன் சாக்ஸபோன் கலைஞர் லார்ஸ் குல்லினும் உண்டு. என் மனம் அவரிடமும் போகிறது. ஆயினும் அளவுகோலின்படி யொஹான்சனே பொருத்தம். நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரேக்கை விட்டுவிட்டதற்கு உங்கள் குழுவில் சண்டை வரலாம். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

போலந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போருக்குப் பின் ஸ்டாலினியக் கெடுபிடிக் காலத்தில் அங்கே ஜாஸ் பொது மேடையிலிருந்து விரட்டப்பட்டு, வீடுகளுக்குள் ஒளிந்து வாசிக்கப்பட்டது. போலந்துக்காரர்கள் அதைச் சுரங்கக் கல்லறைக் காலம் என்றே குறிப்பிடுகிறார்கள். 1955 முதல் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலியில் வில்லிஸ் கோனவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியே பலருக்குப் பள்ளிக்கூடம். 1956 ஆகஸ்டில் சொபோட் நகரில் ஜாஸ் விழா வெளிப்படையாக நடந்தபோது, அங்கே தன் ஆறுபேர் குழுவோடு வந்தவர் பியானோ கலைஞர் க்ஷிஷ்தோஃப் கொமேடா. அவர் தொழிலால் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மருத்துவமனையில் தெரியாமலிருக்கவே கொமேடா என்ற பெயரை வைத்துக்கொண்டார், இயற்பெயர் த்ஷின்ஸ்கி. 1965 டிசம்பரில் வார்சாவில் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த ‘அஸ்டிக்மாட்டிக்’ ஆல்பத்தின் தலைப்புப் படைப்பு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும், ஏறத்தாழ 23 நிமிடங்களை நிறைக்கிறது. அமெரிக்க ஜாஸின் பன்னிரண்டு தாள அளவைகளில் சுழலும் புளூஸ் சட்டகமோ, முப்பத்திரண்டு தாள அளவைகளில் சுழலும் பாட்டுச் சட்டகமோ இதைத் தாங்கி நிற்கவில்லை. வேகம் ஏறி, அறுந்து, வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. தோமாஷ் ஸ்டான்கோவின் டிரம்பெட்டும் ஸ்பிக்னியெவ் நமிஸ்வோவ்ஸ்கியின் ஆல்டோ சாக்ஸபோனும் தனி ஓட்டம் என்பதைவிட நாடகப் பாத்திரங்கள் போல நுழைந்து வெளியேறுகின்றன. பாஸ் வாசித்த குந்தர் லென்ஸ் ஜெர்மானியர், டிரம்ஸ் வாசித்த ரூனெ கார்ல்சன் சுவீடனைச் சேர்ந்தவர் என்பதையும் கவனியுங்கள். கேட்கும்போது அது ஒரு குறையாகவே தோன்றாது, ஏனெனில் இசையின் கட்டமைப்பு கொமேடாவினுடையது. தயவுசெய்து இதை வெட்டிப் போடாதீர்கள். 23 நிமிடம் உட்கார முடியாத குழு போலந்தைப் போட்டியில் சேர்க்காமலே விடலாம்.

பிரிட்டனுக்கு, 1951இல் லண்டன் வந்த ஜோ ஹாரியட்டின் ‘ஃப்ரீ ஃபார்ம்’ ஆல்பத்திலிருந்து ஒன்று, 1960இல் பதிவானது. ஆர்னெட் கோல்மனின், முன்வகுத்த சட்டகத்துக்குக் கட்டுப்படாத சுதந்திர ஜாஸ் அமெரிக்காவைக் கலக்கிய அதே நாட்களில், ஹாரியட் தனக்கான வேறொரு சுதந்திரத்தைக் கண்டடைந்திருந்தார். பின்னர் கல்கத்தாவில் பிறந்த இசையமைப்பாளர் ஜான் மேயரோடு அவர் செய்த இந்திய ஜாஸ் கலப்பு உங்கள் குழுவுக்கு ஆவலைத் தூண்டும். ஆனால் அது ‘ஃப்ரீ ஃபார்ம்’ அளவுக்கு ஆழமானதாக எனக்குப் படவில்லை. கியூபாவுக்கு 1973இல் சூச்சோ வால்டெஸ் தொடங்கிய இராக்கெரே குழுவின் ‘மிசா நெக்ரா’. மேற்கு ஆப்பிரிக்க யொருபா வழிபாட்டின் பாட்டா மேளங்களும் மின் கிட்டாரும் காற்றுக் கருவிகளும் ஒரே மூச்சில் இணையும் படைப்பு. பிரேசிலை நான் ஏன் சொல்லவில்லை என்று நிச்சயம் கேட்பார்கள். போசா நோவா சாம்பாவின் பிள்ளை. ஜாஸ் அதைத் தத்தெடுத்துக்கொண்டது. சேர்த்தே ஆக வேண்டுமென்றால் மோவசிர் சாந்தோஸின் 1965ஆம் ஆண்டு ‘கொய்சாஸ்’ ஆல்பத்தைக் கொண்டு வாருங்கள். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் பங்கேற்ற அந்த உலகப் புகழ்பெற்ற ஆல்பம் வேண்டாம்.

ஜப்பானில்தான் புகழின் ஆபத்து மிக அதிகம். சப்போரோவின் பியானோ கலைஞர் ரியோ ஃபுகுயியின் 1976ஆம் ஆண்டு ஆல்பத்தை யூடியூப் பரிந்துரைகள் பல லட்சம் பேரிடம் கொண்டு சேர்த்துவிட்டன; உங்கள் குழுவிலும் பாதிப்பேர் முதல் அரை நிமிடத்தில் அடையாளம் கண்டுவிடுவார்கள். இருபது வயதுக்கு மேல் பியானோ கற்கத் தொடங்கிய ஒருவர் எட்டிய உயரம் அது. நானும் விரும்பிக் கேட்பதுதான். ஆனால் அது, 1940களில் பிறந்த ‘பீபாப்’ என்னும் அமெரிக்க ஜாஸ் பாணியின் மரபில் மிகச் சிறந்த வாசிப்பு. அதற்குப் பதிலாக, ஷாக்குஹாச்சி என்னும் மூங்கில் குழலில் ஹோசான் யமமோட்டோவும், பியானோவில் மசாபுமி கிகுச்சியும், அப்போது ஜப்பானில் வசித்துவந்த அமெரிக்க பாஸ் கலைஞர் கேரி பீகாக்கும் 1970இல் பதிவு செய்த ‘கின்காய்’ ஆல்பத்தை வையுங்கள். குழலின் ஒவ்வொரு சுரமும் மூச்சுக்காற்றின் கரகரப்போடு தொடங்கி, வளைந்து, ஒரு கமகம் போல் முடிகிறது. பியானோ அதற்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கிறது. தோஷிகோ அகியோஷியின் பெரிய இசைக்குழு சுசுமி மேளத்தையும் ஜப்பானின் மரபு நாடகமான ‘நோ’வின் குரலையும் கொண்டுவந்து அமைத்த படைப்புகள் இதற்கு இணையான தகுதி உடையவை. ஆனால் அந்தக் குழு லாஸ் ஏஞ்சலிஸில் உருவாகி வளர்ந்தது என்பதால் நம் விதி அதை வெளியே நிறுத்திவிடுகிறது.

எத்தியோப்பியாவுக்கு முலாட்டு அஸ்டாட்கே. இங்கே தமிழ்க் காதுக்கு ஒரு வசதி உண்டு. எத்தியோப்பிய இசையின் ஐந்து சுர முறைகளுள் ஒன்றான திசிதாவின் ஒரு வடிவம், நம் மோகனத்தின் அதே ஐந்து சுரங்களைக் கொண்டது. கேட்பவர்களுக்கு உடனே வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும், ஆனால் நடை முற்றிலும் வேறு. வேல்ஸிலும் லண்டனிலும் பின்னர் பாஸ்டனின் பெர்க்லி இசைக்கல்லூரியிலும் படித்த முலாட்டு, அந்தச் சுரமுறைகளுக்கு அடியில் ஜாஸ் ஹார்மனியையும், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுர அடுக்குகளையும், கரீபிய, லத்தீன் தாளங்களையும் வைத்தார். ஐந்து சுரங்களின் தனிக்குணம் அந்த ஹார்மனியில் கரைந்துபோகாமல் காத்தது அவருடைய பெரும் சாதனை. அடிஸ் அபாபாவில் 1969 முதல் 1974 வரை வெளியான அவருடைய தட்டுகள், 1998இல் பாரிஸிலிருந்து வெளிவந்த ‘எத்தியோப்பிக்ஸ்’ வரிசையின் நான்காம் தொகுதியில் கிடைக்கின்றன. 1974 புரட்சிக்குப் பின் வந்த இராணுவ ஆட்சியில் ஊரடங்கு இரவு விடுதிகளின் இசையை முடக்கிவிட்டது என்பதை அறிந்து கேட்டால், அத்தொகுதியின் மதிப்பு இன்னும் கூடும். ‘யெகெர்மோ செவ்’ என்பதை எடுங்கள்.

தென்னாப்பிரிக்காவுக்கு பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராகிமின் ‘மான்னன்பெர்க்’. 1974இல் கேப்டவுனில் பதிவானது. இதன் வேர் மராபி. ஜோஹன்னஸ்பர்க் கறுப்பினக் குடியிருப்புகளின் சாராயக் கடைகளில் 1920களில், மிதி ஆர்மோனியத்திலும் பியானோவிலும் விடிய விடிய வாசிக்கப்பட்ட நடன இசை அது. நான்கே ஹார்மனி அடுக்குகள் சுற்றிச் சுற்றி வரும். நம் சுரத்தில் சொன்னால், அடிச்சுரம் ச, ம, ப, ப என நகர்ந்து மீண்டும் சட்ஜத்துக்குத் திரும்பும். முடிவென்று ஒன்று இல்லை, சுற்று மட்டுமே உண்டு. 1960 ஜனவரியில் இப்ராகிமும் ஹியூ மசெகெலாவும் கிப்பி மொயெகெட்சியும் சேர்ந்த ‘ஜாஸ் எபிஸில்ஸ்’ குழு, கறுப்பினத் தென்னாப்பிரிக்கர்களின் முதல் ஜாஸ் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, அவர்கள் அமெரிக்காவின் புதிய ஜாஸையே நோக்கிச் சென்றுகொண்டிருந்தார்கள். அவ்வாண்டு மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவல்துறை 69 பேரைச் சுட்டுக் கொன்றது. அதன்பின் அடக்குமுறை இறுக, கலைஞர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். வெளியே போய்ப் புகழ்பெற்றுத் திரும்பிய இப்ராகிம், 1974இல் அந்தப் பழைய சாராயக்கடைச் சுற்றை எடுத்துக்கொண்டார் என்பதில்தான் இந்தப் பதிவின் வலிமை இருக்கிறது. பியானோ அந்தச் சுற்றை அவசரமின்றித் தொடங்குகிறது. பாசில் கோட்சியின் டெனர் சாக்ஸபோன் நுழைந்து, நெடுநேரம் அந்த நான்கு அடுக்குகளுக்குள்ளேயே நின்று பேசுகிறது. தலைப்பு குறிக்கும் மானென்பெர்க், வெள்ளையர் பகுதியாக 1966இல் அறிவிக்கப்பட்ட கேப்டவுனின் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ போன்ற இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட புறநகர். கோட்சியின் பெயரோடு அந்த ஊர்ப் பெயரையே மக்கள் சேர்த்துவிட்டார்கள். 1980களில் நிறவெறி எதிர்ப்புக் கூட்டங்களில் அவரும் ராபி யான்சனும் இதை வாசித்தார்கள். இதை வெளியிட்டவர் ஜோஹன்னஸ்பர்க்கில் ‘கோஹினூர்’ என்ற இசைத்தட்டுக் கடை நடத்திய ரஷீத் வல்லி.

நடத்தும் முறையில் இரண்டு விஷயங்களை விட்டுக்கொடுக்க வேண்டாம். இரண்டு பதிவுகளையும் முழுமையாகக் கேட்டவர் மட்டுமே அந்தச் சுற்றில் வாக்களிக்கலாம். மேலும், இரண்டின் ஒலியளவையும் காதால் சமப்படுத்திக்கொள்ளுங்கள். சற்று உரக்க ஒலிப்பது சிறப்பாக ஒலிப்பதாகத் தோன்றும் என்பது ஒலிப்பதிவாளர் எல்லோரும் அறிந்தது, 1937ஆம் ஆண்டின் மோனோ பதிவு இதனால் அநியாயமாகத் தோற்றுவிடும். முதல் சுற்றில் பிரான்சை சுவீடனோடும், போலந்தை பிரிட்டனோடும், ஜப்பானை எத்தியோப்பியாவோடும், கியூபாவைத் தென்னாப்பிரிக்காவோடும் நிறுத்துவேன். கியூபாவும் தென்னாப்பிரிக்காவும் முதலிலேயே மோதுவது கொடுமைதான். ஆனால் இரண்டும் நடன இசையின் சுற்றிலிருந்து எழுந்தவை, ஒன்றுக்கு அருகில் மற்றதை வைத்துக் கேட்டால்தான் இரண்டின் தனித்தன்மையும் துலங்கும்.

இறுதிச் சுற்றுக்குப் போலந்தும் தென்னாப்பிரிக்காவும் வரும் என்று எதிர்பார்க்கிறேன். கொமேடாவின் படைப்பு இரண்டில் துணிவானது. அதில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதோ பிடிபடுகிறது. ஆயினும் என் வாக்கு ‘மான்னன்பெர்க்’குக்குத்தான். சமையல்காரருக்கும் கப்பல்துறைத் தொழிலாளிக்கும் ஏற்கெனவே தெரிந்த நான்கு அடுக்குகளை மாற்றாமலே, அவற்றுக்குள் ஒரு பெரிய கலைஞர் தன் முழு அறிவையும் கொண்டுவந்து வைக்க முடிந்தது என்பதை நான் அரிதினும் அரிதாகக் கருதுகிறேன். தேடும்போது ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: கலைஞரின் பழைய பெயரான டாலர் பிராண்ட் என்பதன்கீழும் இது கிடைக்கும், அமெரிக்காவில் ‘கேப்டவுன் ஃப்ரிஞ்ச்’ என்ற வேறு தலைப்பில் வெளியானது, இரண்டும் ஒரே பதிவுதான்.